வீட்டில் தொலைநோக்கி வேண்டாம்: புறக்கோள் பார்க்கத் தொடங்குபவர்களுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படிப்பு பி.காம்., பன்னிரண்டாவது வரை தமிழ்வழி. பெங்களூரா மாங்காய் சீசன் முடிந்துவிட்டால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் எனக்கு வேலை கிடையாது. அந்த நேரத்தில் பிடித்த பைத்தியம்தான் புறக்கோள். நம் சூரியனைச் சுற்றாமல் வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றுகிற கோளுக்கு அந்தப் பெயர். 2025 செப்டம்பரில் உறுதியான புறக்கோள்களின் எண்ணிக்கை 6,000ஐத் தாண்டியது.

விண்வெளித் தொலைநோக்கிகள் அளந்த தரவு பெரும்பாலும் இலவசமாகவே கிடக்கிறது. அது தெரியாமல் எட்டு மாதம் அலைந்தேன், காசும் விட்டேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது தொடங்க நினைத்தால் அந்த எட்டு மாதம் அவர்களுக்காவது மிச்சமாகட்டும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

1. எதை வாங்கக் கூடாது

முதலில் தொலைநோக்கி. நான் 9,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். நிலாவின் குழிகள் தெரிந்தன, சனியின் வளையம் தெரிந்தது, எல்லாம் அழகுதான். ஆனால் அதில் புறக்கோள் தெரியாது. பல கோடி ரூபாய்த் தொலைநோக்கிகளுக்கே மிகச் சிலவற்றைத்தான் நேரடியாகப் படம் பிடிக்க முடிந்திருக்கிறது, அதுவும் வெறும் புள்ளியாக. மற்றதெல்லாம் நட்சத்திர வெளிச்சத்தை அளந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தவை. என் தொலைநோக்கியில் இப்போது அண்ணன் மகன் நிலா பார்க்கிறான்.

அடுத்தது சான்றிதழ் வகுப்பு. 'விண்வெளி ஆய்வாளர் பயிற்சி' என்று ஓர் ஆன்லைன் ஆளுக்கு 1,499 ரூபாய் கட்டினேன். வந்தது நான்கு வீடியோவும் தங்கநிறப் பட்டை போட்ட ஒரு காகிதமும். நாசா படங்களைக் காட்டிக் காசு கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் தளங்களும் மென்பொருள்களும் இலவசம்.

பெரிய தொலைநோக்கியை நேரில் பார்க்க ஆசையிருந்தால் ஜவ்வாது மலையில் காவலூர் இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பத்தூர் வழியாகப் போகலாம். 2.34 மீட்டர் ஆடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். பெங்களூருவில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம் நடத்துகிறது. பார்வையாளர் நாளையும் நேரத்தையும் அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதானால் தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்ட கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது.

உண்மையில் தேவைப்படுவது ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு பழைய மடிக்கணினி, போனிலிருந்து ஹாட்ஸ்பாட். இவ்வளவுதான். ஆறாவது படியில் வரும் வேட்டைக்கு மடிக்கணினி கூட வேண்டாம், போன் போதும்.

2. கணக்கும் பெயரும்: இனிஷியலில் கவனம்

மூன்று இடங்கள் உங்களுக்கு வேண்டும். நாசாவின் எக்ஸோபிளானட் ஆர்க்கைவ் என்பது கோள்களின் பேரேடு. அதைப் பார்க்கக் கணக்கே வேண்டாம். மாஸ்ட் என்பது ஹபிள், கெப்ளர், டெஸ், ஜேம்ஸ் வெப் ஆகிய தொலைநோக்கிகளின் தரவுக் கிடங்கு. பொதுத் தரவை எடுக்க அங்கேயும் கணக்கு வேண்டாம். மூன்றாவது ஜூனிவர்ஸ், விஞ்ஞானிகளின் தரவை நம்மைப் போன்ற பொதுமக்கள் பார்த்துக் குறித்துக் கொடுக்கும் தளம். அதில் மட்டும் கணக்குத் தொடங்குங்கள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் அப்பா அல்லது அம்மாவின் மின்னஞ்சலும் சம்மதமும் கேட்கும்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவார்கள். வெளிநாட்டுப் படிவங்களில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இருக்கும். நமக்கு இருப்பது இனிஷியல். ஒரு தளத்தில் அப்பா பெயர், இன்னொன்றில் வெறும் எழுத்து, மூன்றாவதில் ஊர்ப்பெயர் என்று கொடுத்து வைத்தால் பிறகு எல்லாம் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நாய்படாத பாடு. மாணவர்கள் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுதிவிடுங்கள்.

ஜூனிவர்ஸில் பயனர் பெயர் தவிர, ஆய்வுக் கட்டுரைகளில் நன்றி சொல்வதற்கான பெயர் என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. கட்டாயமில்லை என்று நான் காலியாக விட்டேன். அப்படி விட்டால், நாளைக்கு ஏதாவது கோளில் உங்கள் பங்கு இருந்தாலும் 'மாங்கா_குமார்_77' என்ற மாதிரிப் பட்டப்பெயர்தான் அச்சில் வரும்.

3. முதலில் தெரிந்த கோள் ஒன்றைப் பிடியுங்கள்

நேராகப் புதுக்கோள் வேட்டைக்குப் போகாதீர்கள். நான் போனேன், மூன்று வாரம் எதைப் பார்க்கிறேன் என்றே தெரியவில்லை. ஏற்கெனவே கண்டுபிடித்த விசித்திரமான கோள் ஒன்றை எடுத்து, அதன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். விடை தெரிந்த கணக்குதான் கற்றுக்கொள்ள நல்லது.

விசித்திரத்துக்குப் பஞ்சமில்லை. 55 கேன்கிரி ஈ என்ற கோளில் ஒரு வருஷம் என்பது நம் 18 மணி நேரம் கூட இல்லை. கெல்ட்-9பி பகல் பக்கத்தில் ஏறக்குறைய 4,300 டிகிரி செல்சியஸ், பல நட்சத்திரங்களை விடச் சூடு. டிரெஸ்-2பி தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கைக் கூடத் திருப்பி அனுப்பாது, கரியை விடக் கறுப்பு. கெப்ளர்-16பிக்கு வானத்தில் இரண்டு சூரியன். வாஸ்ப்-12பி தன் நட்சத்திரத்துக்கு மிக அருகே இருப்பதால் ஈர்ப்பில் இழுபட்டு முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டது.

எச்டி 189733பி பற்றி யூடியூபில் நீல உருண்டையும் கண்ணாடி மழையுமாகப் படம் பார்த்திருப்பீர்கள். அது ஓவியர் வரைந்தது. அதன் நீல நிறத்தை 2013இல் ஹபிள் மறைமுகமாக அளந்தது உண்மை. கண்ணாடி மழை என்பது காற்றில் சிலிகேட் துகள்கள் இருப்பதாகக் கணித்து அதிலிருந்து ஊகித்தது. அளந்தது எது, ஊகித்தது எது, வரைந்தது எது என்று ஒவ்வொரு செய்தியிலும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

பேரேட்டில் இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, முக்கியப் பட்டியலில் ஒரே கோளுக்கு ஏழெட்டு வரி இருக்கும். ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு வரி என்பது அவர்கள் கணக்கு. கோளுக்கு ஒரு வரி வேண்டுமென்றால் 'காம்போசிட்' என்று உள்ள பட்டியலைத் திறங்கள். இரண்டு, எல்லாக் கோளும் நட்சத்திரத்தின் முன்னால் கடக்காது. கடந்தால்தான் நட்சத்திரத்தின் வெளிச்சம் கொஞ்சம் இறங்கும், அந்த இறக்கத்தைத்தான் பள்ளம் என்கிறேன். எச்டி 86081 என்ற நட்சத்திரத்துக்கு விஞ்ஞானி பிபா சௌத்ரி நினைவாக பிபா என்றும், அதன் கோளுக்கு சந்தமாசா என்றும் 2019இல் இந்தியப் பெயர்கள் சூட்டினார்கள். நம் ஊர்ப் பெயர் ஆயிற்றே என்று அதை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் பள்ளம் தேடினேன். அந்தக் கோளைக் கண்டுபிடித்ததே, கோள் இழுப்பதால் நட்சத்திரம் லேசாக முன்னும் பின்னும் ஆடுவதை வைத்துத்தான். 'கடப்பில் தெரியும்' என்று குறிக்கும் கட்டத்தைப் பார்த்திருந்தால் அந்த ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

4. ஒளிவளைவைத் திறப்பது

ஒளிவளைவு என்பது நேரம் போகப்போக ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காட்டும் வரைபடம். நான் சிபாரிசு செய்வது வாஸ்ப்-18பி. பள்ளம் ஆழமாக இருக்கும், அடிக்கடி வரும். டெஸ் பட்டியலில் அதன் நட்சத்திரத்தின் எண் டிஐசி 100100827.

டெஸ் தொலைநோக்கி 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. வானத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுமார் 27 நாள் விடாமல் உற்றுப் பார்க்கும். ஒவ்வொரு பட்டைக்கும் செக்டர் என்று பெயர். தரையிலிருந்து இப்படிப் பார்க்க முடியாது. பகல் வந்துவிடும், மேகம் வந்துவிடும், காற்று நடுங்கி வெளிச்சத்தைக் கலைத்துவிடும்.

தரவைப் பிரித்துப் பார்க்க லைட்கர்வ் என்ற தொகுப்பு இருக்கிறது, பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதியது. உங்கள் கணினியில் நிறுவ வேண்டாம், பிரவுசரிலேயே நிரல் ஓட்டவிடும் கூகுள் கோலாபில் ஓட்டுங்கள். இது நான் காசு கொடுத்துக் கற்றது. முதல் நாள் என் மடிக்கணினியிலேயே இறக்கினேன். அதுவும் தெரியாமல், ஒரு நட்சத்திரம் மட்டுமல்லாமல் கேமராவில் விழுந்த வானம் முழுவதும் இருக்கும் முழுச்சட்டப் படங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். ஒரு படம் சுமார் 35 எம்பி, அரை மணிக்கு ஒன்று என்று வைத்தாலே 27 நாளுக்கு ஏறத்தாழ 1,300 படம். அன்றைய ஒன்றரை ஜிபி டீ குடிப்பதற்குள் தீர்ந்தது. கோலாபில் கோப்பு இறங்குவது கூகுளின் கணினியில், உங்கள் போன் டேட்டாவில் அல்ல. உங்களுக்கு வந்து சேர்வது வரைபடம் மட்டும். தவிர, நமக்கு வேண்டிய ஒளிவளைவுக் கோப்பு சுமார் 2 எம்பிதான்.

கோலாபிலும் ஒரு பொறி. இணைப்பு அறுந்து கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் அங்கே சேர்த்தது எல்லாம் அழிந்துவிடும். மாதாந்திர மின்பராமரிப்பு நாளில் எனக்கு மூன்று மணி நேர வேலை போயிற்று. தொடங்கியதுமே கூகுள் டிரைவோடு இணைத்து, சேமிப்பதை அங்கே சேமியுங்கள்.

லைட்கர்வ் தளத்தில் நிரல் எழுதியே வைத்திருக்கும் பயிற்சி நோட்டுகளை அப்படியே நகலெடுத்து நட்சத்திர எண்ணை மட்டும் மாற்றினால் போதும், நிரல் எழுதத் தெரிய வேண்டாம். தேடினால் பத்திருபது வரி வரும். செக்டர் 2, தயாரித்தவர் ஸ்பாக், இடைவெளி 120 விநாடி என்று இருப்பதை எடுங்கள். உள்ளே இரண்டு விதமான வெளிச்ச அளவு இருக்கும். எஸ்ஏபி என்பது கச்சா அளவு. பிடிசிஎஸ்ஏபி என்பது கருவிக் கோளாறுகளைக் கழித்தது. தொடக்கத்துக்குப் பின்னது.

வரைபடம் வந்ததும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் ஓடும் புள்ளிக் கூட்டம் தெரியும், நடுவில் ஒரு வெற்றிடத்தோடு. வெற்றிடம் கோள் இல்லை. டெஸ் பூமியை 13.7 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. அருகே வரும்போது தரவைக் கீழே அனுப்புகிறது, அந்த நேரத்தில் அளப்பதில்லை. மற்றபடி ஏறக்குறைய 23 மணிக்கு ஒருமுறை, சீப்பின் பல் மாதிரி, வெளிச்சம் நூற்றில் ஒரு பங்கு இறங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஏறும். அதுதான் கோள் கடப்பது. முதல் தடவை பார்த்தபோது, பேரேட்டில் தினமும் சரியாக ஒரே தொகை குறைவதைக் கண்டுபிடித்த கணக்கன் மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் 'மடிப்பது' என்று ஒரு வேலை. கட்டம் போட்ட லுங்கியைக் கட்டத்தின் மேல் கட்டம் விழ மடிப்பது போல, 0.9415 நாளுக்கு ஒரு மடிப்பாக ஒளிவளைவை மடித்தால் இருபதுக்கு மேற்பட்ட பள்ளங்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து ஒரே தெளிவான தொட்டியாகும். மடிப்பு நாளைக் கொஞ்சம் தப்பாகக் கொடுத்தாலும் தொட்டி கலைந்துவிடும். வேண்டுமென்றே 0.95 கொடுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

இப்போது கணக்கு. ஆழம் சுமார் 0.01. அதன் வர்க்கமூலம் 0.1. அதாவது கோளின் ஆரம் நட்சத்திரத்தின் ஆரத்தில் பத்தில் ஒன்று. சூரியன் பூமியைப் போல 109 மடங்கு அகலம், அந்த நட்சத்திரம் சூரியனைப் போல ஒன்றேகால் மடங்கு. பெருக்கினால் கோள் பூமியைப் போல 13 மடங்கு சொச்சம். வியாழன் 11 மடங்கு, ஆக இது அதை விடச் சற்றுப் பெரியது. அளவில் இவ்வளவுதான் என்றாலும் எடையில் வியாழனைப் போல பத்து மடங்கு. எடை இந்தப் பள்ளத்திலிருந்து தெரியாது, நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளந்த வேறு தொலைநோக்கிகள் சொன்னது.

நேர அச்சில் தேதி இருக்காது, 1,354 மாதிரி எண் இருக்கும். ஜூலியன் நாளில் 2457000ஐக் கழித்த எண் அது. ஜூலியன் நாள் மாறுவது நடுராத்திரியில் அல்ல, நம் மாலை ஐந்தரை மணிக்கு. இதை மறந்து தேதி கணக்கிட்டால் ஒரு நாள் தள்ளிப்போகும்.

5. வெப் என்ன செய்கிறது: எடைமேடைக் கணக்கு

டெஸ் கோளின் அளவைச் சொல்லும். கோளில் என்ன காற்று, எவ்வளவு சூடு என்று சொல்வது ஜேம்ஸ் வெப். எப்படி என்று யாரிடம் கேட்டும் எனக்குப் புரியவில்லை. கம்பெனி எடைமேடையில் நின்றபோதுதான் புரிந்தது. லாரி மாங்காயோடு வரும், எடை போடுவோம். இறக்கிவிட்டுக் காலியாக வரும், மறுபடி எடை போடுவோம். இரண்டையும் கழித்தால் மாங்காயின் எடை. மாங்காயைத் தனியாக யாரும் தூக்கி நிறுத்தவில்லை.

வெப்பும் அதையேதான் செய்கிறது. கோள் நட்சத்திரத்தின் பின்னால் மறைவதற்குச் சற்று முன் இரண்டின் வெளிச்சமும் சேர்ந்து வரும். மறைந்தபின் நட்சத்திரத்தினுடையது மட்டும். கழித்தால் கோளின் சொந்த வெளிச்சம். வாஸ்ப்-18பியை இப்படித்தான் பார்த்தார்கள். 2023இல் வந்த முடிவுப்படி பகல் பக்கம் சுமார் 2,700 டிகிரி செல்சியஸ், அந்தச் சூட்டிலும் காற்றில் கொஞ்சம் நீராவி.

இன்னொரு வழி, கோள் முன்னால் கடக்கும்போது பார்ப்பது. நட்சத்திர வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு கோளின் விளிம்பில் உள்ள காற்றுக்குள் புகுந்து வரும். ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில அலைநீளங்களை விழுங்கும். சுமார் 700 ஒளியாண்டு தொலைவில் உள்ள வாஸ்ப்-39பியில் 4.3 மைக்ரான் அருகே வெளிச்சம் குறைந்ததை வைத்து 2022இல் கரியமில வாயு இருப்பதைக் காட்டினார்கள். தரையிலிருந்து இது பெரிய தலைவலி, நம் காற்றிலேயே கரியமில வாயு இருக்கிறதே. வெப் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்பதால் அந்தத் தொல்லை இல்லை.

வெப்பின் தரவு சிலவற்றை உடனே எடுக்க முடியாது. பார்க்கச் சொல்லி விண்ணப்பித்தவர்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு வரை முன்னுரிமை உண்டு, அதுவரை பூட்டியிருக்கும். வாஸ்ப்-39பி தரவு முதல் நாளிலிருந்தே பொது, எனவே பழக அதை எடுங்கள். வெப்பைப் பயன்படுத்த விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் நான்காவது சுற்றுக்கு 2,300க்கு மேல் விண்ணப்பம் வந்தது, கேட்ட நேரம் இருக்கும் நேரத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

6. வேட்டைக்குப் போவது

ஜூனிவர்ஸில் பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் என்ற திட்டத்தைத் திறங்கள். ஓர் ஒளிவளைவு வரும். பள்ளம் தெரிந்தால் அதன்மேல் பட்டை இழுத்துக் குறிப்பது, இல்லையென்றால் அடுத்தது. ஒன்றுக்கு அரை நிமிடம். ஒரே வளைவைப் பலரிடம் காட்டுவார்கள், உங்கள் ஒரு தவறால் ஒன்றும் கெட்டுப்போகாது. சில வளைவுகளில் செயற்கையாகப் பள்ளம் வைத்திருப்பார்கள், குறித்தபின் சொல்லிவிடுவார்கள். அதில் தோற்றால் வெட்கப்படாதீர்கள், நான் முதல் பத்தில் ஆறைத் தவறவிட்டேன்.

கணினி நிரல்கள் அடிக்கடி வரும் பள்ளத்தை நன்றாகப் பிடிக்கும். 27 நாளில் ஒரே ஒரு முறை வரும் பள்ளத்தைக் கோட்டைவிடும். அங்கேதான் மனிதக் கண்ணுக்கு வேலை. இந்தத் திட்டத்தில் உறுதியான முதல் கோள் டிஓஐ-813பி, அதன் வருஷம் 84 நாள்.

ராத்திரி ஒரு மணி வரை பார்க்காதீர்கள். அரை மணிக்கு மேல் பார்த்தால் எல்லாமே பள்ளமாகத் தெரியும்.

7. பள்ளம் கிடைத்தால் யாரிடமும் சொல்லாதீர்கள்

நான் சொன்னேன். ஒரு நட்சத்திரத்தில் அழகான பள்ளம், ஆறு நாளுக்கு ஒருமுறை. மூன்று ராத்திரி தூங்கவில்லை. அலுவலகத்தில் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். நான்காம் நாள் பார்த்தால், பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று மறைக்கிற இரட்டை ஒன்று இருக்கிறது, அதன் நிழல்தான் என் பள்ளம். பட்டியலில் ஏற்கெனவே பதிவாகியும் இருந்தது. டெஸ்ஸின் ஒரு பிக்சல் வானத்தில் 21 வில்விநாடி அகலம் (ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்குதான் வில்விநாடி). அதற்குள் பல நட்சத்திரங்கள் அடங்கிவிடும். யாருடைய வெளிச்சம் குறைந்தது என்று தெரியாது.

ஜிலேபிக்கு முன் இவற்றைப் பாருங்கள். பள்ளம் தட்டையான அடி கொண்ட தொட்டி மாதிரியா, கூம்பு மாதிரியா? கூம்பென்றால் பெரும்பாலும் இரட்டை நட்சத்திரம். ஒன்று விட்டு ஒன்று ஆழம் மாறுகிறதா? அப்படியானாலும் இரட்டைதான். இரண்டு பள்ளத்துக்கு நடுவே இன்னொரு சிறு பள்ளம் இருக்கிறதா? இருந்தால் சந்தேகப்படுங்கள், ஆனால் வாஸ்ப்-18பி போன்ற கொதிக்கும் கோள்களுக்கும் மிக மெலிதாக அது இருக்கும். பள்ளம் தரவு வெற்றிடத்தின் ஓரத்திலேயே வருகிறதா? அது கருவிக் கோளாறாகவோ, பூமியும் நிலாவும் சிதறடித்த வெளிச்சமாகவோ இருக்கலாம். அக்கம்பக்கத்து நட்சத்திரங்களிலும் அதே நேரத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கோப்பை மூடிவிட்டுத் தூங்கப் போங்கள். கடைசியாக, கோளாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவற்றைப் பதிந்து வைக்கும் எக்ஸோஃபாப் தளத்தில் டிஐசி எண்ணைப் போட்டு, யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

8. எவ்வளவு நாள் ஆகும்

மூன்றாம், நான்காம் படிகளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆறாவதில் கண் பழக ஒரு மாதம், தினம் அரை மணி. வாஸ்ப்-39பி நிறமாலையை, அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்ற வரைபடத்தை, நீங்களே வரைய வேண்டுமென்றால் மூன்று மாதமாவது ஒதுக்குங்கள், அதில் பாதி ஆங்கிலச் சொற்களோடு மல்லுக்கட்டுவதில் போகும். ஒரு நோட்டில் சொல்லுக்குச் சொல் தமிழில் எழுதி வைத்தேன், அது எனக்கு எந்த வீடியோவையும் விட உதவியது.

எல்லாச் சோதனையும் தாண்டி நிற்கிற பள்ளம் கிடைத்தால், திட்டத்தின் உரையாடல் பக்கத்தில் டிஐசி எண், செக்டர், நேரம் மூன்றையும் எழுதிப் பதியுங்கள். பிறகு உங்கள் கையில் ஒன்றுமில்லை. தரைத் தொலைநோக்கிகளில் யாராவது நேரம் ஒதுக்கி நட்சத்திரத்தின் ஆட்டத்தை அளக்க வேண்டும். மாதங்கள் ஆகலாம், வருஷங்களும் ஆகலாம்.

என்னுடையது ஒன்று அப்படிக் கிடக்கிறது. ஒரே ஒரு பள்ளம், தட்டையான அடி, ஏழு மணி நேரம். டெஸ் மறுபடி அந்தப் பக்கம் திரும்பும்போது இரண்டாவது பள்ளம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குள் மாங்காய் சீசன் தொடங்கிவிடும், எடைமேடை ரசீதோடு உட்காரவே நேரம் சரியாக இருக்கும். டிஐசி எண்ணையும் தேதியையும் கம்பெனி காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.